பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பாட்டில்

அன்புள்ள ஐயா,

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே மளிகை வாங்கும் கடையிலேயே விஸ்கி, ஒயின், பீர் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பால், முட்டை வாங்கும் அதே தள்ளுவண்டியில் ஒரு பாட்டிலையும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளையிடமே பில் போடும் பெண் அடையாள அட்டை கேட்டார்.

நான் எப்போதாவது குடிப்பவன். ஊர் திரும்பியதிலிருந்து கம்பி வலைக்குள் கையை விட்டு வாங்குவது கூச்சமாக இருக்கிறது. பாண்டிக்கு வந்தால் ஏசி போட்ட கடையில் நாமே எடுத்துப் பார்த்து வாங்க முடிகிறது. குடிக்கிறவனைக் குற்றவாளி மாதிரி ஏன் நடத்த வேண்டும்? சில்வர் பீச்சில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலர் சேர்ந்து எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் பீரும் ஒயினும் விற்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும், பாண்டியைப் போலத் தனியாருக்கும் உரிமம் தர வேண்டும் என்பது கோரிக்கை. நகல் இணைத்திருக்கிறேன். என் மனைவி, “அப்படி விற்றால் அந்தக் கடைக்கு நான் போகமாட்டேன்” என்கிறாள். உங்கள் கருத்து வேண்டும்.

வாசகர், மஞ்சக்குப்பம் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

மனுவைப் படித்தேன். கோபம் நியாயமானது, கேட்டிருக்கும் மருந்துதான் சரியில்லை என்பது என் எண்ணம். குடி பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் சியாட்டில். நீங்கள் பார்த்த அந்த அலமாரிக்கு அவ்வளவு வயதாகவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பீரும் ஒயினும் முன்பிருந்தே மளிகைக் கடைகளில் கிடைத்தன. ஆனால் விஸ்கி, பிராந்தி வகைகள் 2012 மே மாதக் கடைசி வரை மாநில அரசின் ஏற்பாட்டில் நடந்த கடைகளில்தான். சுருக்கமாகச் சொன்னால் அங்கேயும் ஒரு டாஸ்மாக் இருந்தது. 2011 நவம்பரில் இதை மாற்றலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மாற்ற வேண்டும் என்ற பிரச்சாரத்துக்குக் காஸ்ட்கோ என்ற பெரிய கடை நிறுவனம் இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஜெயித்தது. 2012 ஜூன் 1 முதல் தனியார் விற்பனை. சுமார் 330 கடைகள் இருந்த இடத்தில் 1,400க்கு மேல் முளைத்தன. பொதுவாக 10,000 சதுர அடிக்குக் குறையாத கடைகளுக்குத்தான் உரிமம் என்பதால் தெருமுனைக் கடைக்காரருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

விலை குறையும் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்கள்தான் பாவம். அரசுக்குப் போகும் வருமானத்தை ஈடுகட்ட சில்லறை விற்பனைக்கு 17 விழுக்காடு, மொத்த விற்பனைக்கு 10 விழுக்காடு என்று கட்டணம் வைத்தார்கள். விலை ஏறியது. ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலங்களான ஓரிகானுக்கும் ஐடஹோவுக்கும் போய் வாங்க ஆரம்பித்தார்கள். கடலூர் எல்லையில் பாண்டிப் பக்கம் இருக்கும் நம் முள்ளோடை மாதிரி அவர்களுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் உங்கள் மனு தவறவிட்ட விஷயம் இருக்கிறது. பாண்டிக் கடை பளபளப்பாக இருப்பது அது தனியாருடையது என்பதால்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருப்பவன். அந்தக் கண்ணாடிக் கதவுக்கும் ஏசிக்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரிலிருந்து வருகிறது. புதுச்சேரிக்குத் தனிக் கலால் சட்டம், 1970ஆம் ஆண்டுச் சட்டம். வரி குறைவு. வாங்குவதற்கான வயது இங்கே 18, உங்களிடம் 21. கள்ளும் சாராயமும் உங்களிடம் கிடையாது, இங்கே கடையை ஏலம் விட்டு விற்கிறார்கள். கடலூர், விழுப்புரத்தோடு பின்னிக்கிடக்கிற ஒரு சின்ன நிலப்பகுதியில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் வியாபாரம் செழிக்காமல் என்ன செய்யும்? இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1948இல் மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது பாண்டி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது, இங்கே தடை இல்லை.

அப்புறம், நீங்கள் பார்த்தது புதுச்சேரி அண்ணா சாலைக் கடை. ஒருமுறை பாகூர் பக்கம் உள்ளே போய்ப் பெண்ணையாற்றங்கரை ஊர்களில் சாராயக்கடை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் தனியார் நடத்துவதுதான். ஏசி இல்லை, அலமாரி இல்லை, எடுத்துப் பார்த்து வாங்குகிற சங்கதியும் இல்லை.

விலை வித்தியாசம்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே ஒரு சான்று நடந்தது. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பிறகு இங்கே மதுக்கடைகளைத் திறந்தபோது, வெளியூர்க் கூட்டம் வந்து தொற்றைப் பரப்பிவிடக்கூடாது என்று கோவிட் சிறப்பு வரி போட்டு, தமிழ்நாட்டில் கிடைக்கும் சரக்குகளின் விலையை அங்கே உள்ள விலைக்கே கொண்டுபோனார்கள். 2021 ஏப்ரல் வரை அந்த வரி இருந்தது. எல்லையை அடைத்திருந்த மாதங்களைக் கழித்துவிட்டே சொல்கிறேன்: கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். அதே கடை, அதே முதலாளி, அதே ஏசி. வரி நீங்கியதும் கூட்டம் திரும்பியது.

அந்தக் கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் முள்ளோடையில் நின்று பார்த்தால்தான் புரியும். வரிசையாக டிஎன் 31 என்ற கடலூர்ப் பதிவெண் வண்டிகள். வாங்கியதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி. பேருந்தை ஓரங்கட்டி, காவலர் ஏறி இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவார். பையைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பார், கண்ணாடிச் சத்தம் கேட்கிறதா என்று. பைக் என்றால் சீட்டைத் தூக்கச் சொல்வார். மதுவிலக்கு வழக்கில் பிடிபட்ட வண்டிகள் ஏலத்துக்கு வரும் செய்தியை மாவட்டப் பக்கத்தில் நீங்களே படித்திருப்பீர்கள். ஆகவே நம்மாள் என்ன செய்கிறான்? பெட்டிக்கடையில் ஒரு தண்ணீர் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், கொஞ்சம் வேர்க்கடலை வாங்குகிறான். ஒரு மணி நேரத்தில் குடிக்க வேண்டியதைப் பத்து நிமிடத்தில், நின்றவாக்கிலேயே உள்ளே தள்ளுகிறான். வயிற்றில் இருப்பதை யாரும் பறிமுதல் செய்ய முடியாதே. பிறகு ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு, லாரியும் ஆம்னி பஸ்ஸும் ஓடுகிற சாலையில், பெண்ணையாற்றுப் பாலம் ஏறிக் கடலூருக்குப் போகிறான். இரண்டு சட்டங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். சேர்த்துவைத்தால் அவை தயாரிப்பது இந்த பைக்காரனை. உங்கள் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பீர் வந்துவிட்டால் இவன் முள்ளோடைக்கு வருவதை நிறுத்துவானா? ஸ்டோரில் விலை தமிழ்நாட்டு விலையாக இருக்கும்வரை மாட்டான்.

தமிழ்நாட்டு அரசு தானாக விலையைக் குறைக்கவும் போவதில்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று அந்த விற்பனை வரியில் பெரும்பகுதி ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. 2017க்குப் பிறகு மாநிலம் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கக்கூடிய பெரிய விற்பனை வரிகள் என்று பார்த்தால் பெட்ரோல், டீசல், மது, இவ்வளவுதான். 2024-25இல் டாஸ்மாக் மூலம் வந்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் இந்தக் குழாயை அவ்வளவு சுலபமாக மூடமாட்டார்கள்.

தனியாருக்கு உரிமம் என்று கேட்கும் உங்கள் நண்பர்களுக்கு 2003க்கு முந்தைய காலம் மறந்துவிட்டதா? அப்போது தனியார்தான் விற்றார்கள். ஏலம் எடுப்பவர்கள் கூட்டுச் சேர்ந்துகொண்டு விலையை அமுக்கினார்கள். குலுக்கல் முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள், அதையும் வளைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. ஆந்திரம் 2019இல் தனியாரிடமிருந்து பிடுங்கி அரசே விற்றுப் பார்த்து, 2024 அக்டோபரில் மறுபடி தனியாரிடம் கொடுத்துவிட்டது. டெல்லி நேர் எதிராக 2021 நவம்பரில் தனியாருக்குக் கொடுத்து, ஒரு வருடம்கூட ஆகாமல் திரும்ப வாங்கிக்கொண்டது. கடையின் சாவி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்வந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. தமிழ்நாட்டில் மது விற்கும் நிறுவனமும் கள்ளச்சாராயத்தைப் பிடிக்க வேண்டிய ஏற்பாடும் போய்ச் சேருவது ஒரே துறையில்: உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விற்பனை நடப்பதும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற புகார் சட்டமன்றம் வரை போனது. அதை விசாரிக்க வேண்டியவர் யார்? விற்பவரின் மேலதிகாரி. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை மட்டும் குற்றம் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. ரசீது போடும் இயந்திரம் வரத் தொடங்கியிருப்பது நல்லதுதான். ஆனால் ரசீதைச் சரிபார்க்க வெளியே ஓர் ஆள் வேண்டும்.

பாண்டியில் வரியை ஏற்றித் தமிழ்நாட்டு விலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் யோசனை. அப்படிச் செய்தால் ஏழை விஷச் சாராயத்துக்குப் போவானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செய்யூர்ப் பக்கமும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த வழக்கில் கைதானவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. மறு வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேல். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள், குவார்ட்டருக்குக் காசு போதாமல் பாக்கெட் வாங்கியவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கருணாபுரம் காட்டுக்குள் இல்லை, நகரத்துக்குள் இருக்கிறது. அங்கே பாக்கெட் விற்றது தெருவுக்கே தெரிந்திருந்தது. பக்கத்தில் பாண்டியில் மலிவாகக் கிடைத்ததும் அவர்களைக் காப்பாற்றவில்லை. மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு, பேரலில் கைமாறி வருவது. அதைத் தடுக்க வேண்டியது கடுமையான, விற்பனை இலக்கைப் பற்றிக் கவலைப்படாத ஒரு கண்காணிப்பு. மெத்தனால் அதிகாரியும் டாஸ்மாக் அதிகாரியும் ஒரே அமைச்சரிடம் கணக்குக் கொடுக்கும்வரை, இரண்டில் எந்தக் கணக்குக்கு அவர் முதலில் கண்ணாடியை மாட்டுவார் என்று எனக்குச் சந்தேகம்.

டிபார்ட்மென்ட் ஸ்டோர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மகாராஷ்டிரத்தில் 2022 ஜனவரியில் ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பில் நின்றுபோனது. உங்கள் மாநிலத்திலேயே 2023இல் மாநாட்டு அரங்கு, திருமண மண்டபம் இங்கெல்லாம் சிறப்பு உரிமத்தில் மது பரிமாறலாம் என்று அரசிதழில் வந்ததும் என்ன ஆனது? கூச்சல் எழுந்த உடனே மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். சட்டமன்றத்தில் பேசி வந்த மாற்றம் இல்லை அது. அரசிதழில் வந்தது, அரசிதழிலேயே போனது. மேலும், நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் பள்ளிக்கூடம், கோயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று விதி. மஞ்சக்குப்பத்தில் அந்த விதிக்குத் தப்புகிற ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரைக் காட்டுங்கள் பார்ப்போம். உச்ச நீதிமன்ற உத்தரவால் நெடுஞ்சாலைக் கடைகளை 2017இல் மூடியபோது அவை ஊருக்குள் நகர்ந்தன. அப்போது தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். உங்கள் மனைவி சொல்வதும் அதே கட்சிதான். வீட்டுச் சாமான் வாங்கும் இடத்தில் வந்து நிற்காதே என்கிறார். அதை நான் பழமைவாதம் என்று தள்ளமாட்டேன்.

சியாட்டிலிலிருந்து கொண்டுவர வேண்டியது ஒன்று உண்டு. மாப்பிள்ளையிடம் கேட்டார்களே அடையாள அட்டை, அது. பையன் மீசையைப் பார்த்து வயதை முடிவு செய்யும் வழக்கம் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் இருக்கிறது.

மனுவை அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. இப்போதிருக்கும் இரண்டு கோரிக்கைகளையும் எடுத்துவிட்டு மூன்று விஷயங்களை எழுதுங்கள். மதுவிலக்கு அமலாக்கத்தை டாஸ்மாக் இருக்கும் துறையிலிருந்து பிரிக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீதும், இளைஞர் யார் வந்தாலும் வயதுச் சான்றும் கட்டாயம். புதுச்சேரி அரசோடு பேசி இரண்டு பக்கமும் ஒரே விலை, ஒரே வயது. கம்பி வலையை எடுக்கச் சொல்லி நான்காவதாகவும் ஒன்று சேர்க்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. விலை பற்றிய கோரிக்கையை உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் அனுப்பினால் போதாது, எங்கள் சட்டமன்றத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் ரொம்ப நாள் பழக்கம், தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தனுப்புவார். இதைப் படித்தால் இந்த வருடம் அனுப்புவாரா என்று தெரியவில்லை.