ஒக்கி அன்று காலை வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்ற பதினொரு பேர்

கேள்வி: புயல், மழையால் பயணம் தடைப்பட்டு கல்லூரி விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியாமல் போன அனுபவம் உண்டா? அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது நல்லது?

உண்டு. ஒரே போட்டிக்கு இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் போய்ச் சேரவில்லை. 2017, ஒக்கி புயல். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. கல்லூரி நாகர்கோவில் பக்கம், வீடு தக்கலைப் பக்கம். கல்லூரி கால்பந்து அணியில் இருந்தேன் என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பாதி ஆட்டங்களில் நான் வெளியே உட்கார்ந்து ஜெர்சி மூட்டையைப் பார்த்துக்கொண்ட ஆள். அணியின் உயிரே கடற்கரைப் பையன்கள்தான். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று அந்த வரிசை ஊர்களில் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கப் பழகிவிடுவார்கள். எங்கள் கோலியும் (கோல்கீப்பர்) லெஃப்ட் பேக்கும் (இடது பக்கத் தடுப்பாட்டக்காரன்) அந்தப் பக்கத்துப் பையன்கள்.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரி நடத்திய நாக்-அவுட் போட்டி அது. நவம்பர் 30, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஃபிக்ஸ்சர் போட்டுவிட்டு அடியில் ஒரு வரி: நேரத்துக்கு வராத அணிக்கு எதிராக வாக் ஓவர் கொடுக்கப்படும், அதாவது ஆடாமலே எதிரணி ஜெயித்ததாகிவிடும். அந்த ஒரு வரிதான் எங்களைப் பைத்தியக்காரத்தனமாக நடக்க வைத்தது.

புதன்கிழமை ராத்திரியே மழை பிடித்துவிட்டது. ஆனால் 'புயல்' என்ற வார்த்தையை அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. வங்காள விரிகுடாப் புயல் என்றால் மூன்று நாலு நாளுக்கு முன்பே டிவியில் அம்புக்குறி போட்டு வளைத்து வளைத்துக் காட்டுவார்கள், பெயர் வைப்பார்கள், சென்னையா நாகப்பட்டினமா என்று விவாதம் நடக்கும், கடைசியில் நமக்கு இல்லை என்று ஆகிவிடும். இது அப்படி வரவில்லை. 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயலாகவே நின்றது. கன்னியாகுமரிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான். கரையைக் கடக்கவே இல்லை, பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. அதற்கே அந்த அடி.

காலை நாலரைக்கு அம்மா கட்டன் சாயா போட்டுக்கொடுத்து, "இந்த மழைல போணுமா மக்களே?" என்றார். வாக் ஓவர் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்க நேரமில்லை. ஜெர்சி மூட்டை என்னிடம்தான் இருந்தது, நான் போகாவிட்டால் போகிறவர்கள் எதைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள்? சரி என்று கிளம்பினேன்.

பஸ் வில்லுக்குறி தாண்டும்வரை ஓடியது. சுங்கான்கடை நெருங்கும்போது நின்றுவிட்டது. முன்னால் ஒரு பெரிய அயினி மரம் ரோட்டுக்குக் குறுக்கே, வேரோடு, வேரில் மண் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையின் மண்டை மட்டும் திருகி எறிந்த மாதிரி பறந்து போனது. காற்று ஊளையிடும் என்று கதைகளில் படித்திருக்கிறேன். அன்று கேட்டது ஊளை இல்லை, கனமான லாரி ஒன்று ஏற்றத்தில் கியர் மாற்றாமல் ஏறுகிற இரைச்சல், நிற்காமல். ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பார்வதிபுரம் நோக்கி நடந்தேன். பத்தொன்பது வயதில் புத்தி அப்படித்தான் இருக்கும், அதனால்தான் முடிவைப் பையன்களிடம் விடக்கூடாது என்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பதினாறு பேரில் பதினொரு பேர் வந்திருந்தோம், எல்லாரும் கோழி நனைந்த மாதிரி. கோலியும் லெஃப்ட் பேக்கும் முந்தின நாளே ஹாஸ்டலில் வந்து தங்கிவிட்டதால் அவர்களுக்குச் சிரமம் இல்லை. கடைகளின் தகரக் கூரை ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திருநெல்வேலி போகும் எண்ட் டு எண்ட் வண்டி வரிசையாக நிற்கிறது, எடுக்க ஆள் இல்லை. கண்டக்டர் ஒருவர், "தம்பி, தோவாளைக்கு அந்தப்பக்கம் மரம் விழுந்து கெடக்கு, காத்து நின்னாதான் வண்டி" என்றார். பி.டி. சார் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார், வந்ததும் நடத்துகிற கல்லூரிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. அந்தப் பக்கம் பேசியவர் கோபமாகவெல்லாம் பேசவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "இங்க மழைதான் சார் பெய்யுது. ரெண்டு டீம் வந்தாச்சு. நீங்க எப்படியாவது கிளம்பி வந்துருங்க."

நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் எண்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் வேறு நாடு, வேறு மழை. நமக்கு மழை என்றால் அங்கே வெயிலடிக்கும். அன்று இந்தப் பக்கம் மரங்கள் வேரோடு சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஒருவர் மைதானத்தில் கோடு போட சுண்ணாம்பு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஆனாலும் அந்த 'எப்படியாவது' மட்டும் எனக்கு இன்றுவரை பிடிக்காது.

எப்படியாவது என்பதற்காகத் தெரிந்த வேன் ஒன்றைப் பிடித்தோம். வெள்ளமடம் வரை போனோம். அங்கே கரண்ட் கம்பங்கள் வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து, கம்பிகள் ரோட்டில் பாம்பு மாதிரி கிடந்தன. டிரைவர் வண்டியை நிறுத்தி, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு" என்றார். அவ்வளவுதான். திருப்பினோம். அன்று அந்த வேனில் புத்தியோடு இருந்த ஒரே ஆள் அவர்.

திரும்பும் வழியில் நாங்கள் என்ன பேசினோம் தெரியுமா? வாக் ஓவர் வாங்கப்போகும் அணி அரையிறுதியில் யாரிடம் மாட்டும் என்று. லெஃப்ட் பேக் மட்டும் பேசவில்லை. போனைக் காதில் வைத்தபடியே இருந்தான். அவனுடைய அண்ணன் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தான், போட் கிளம்பி ஒரு வாரத்துக்கு மேல். கோலியின் அப்பாவும் கடலில்தான், வேறு போட். தங்கல் என்றால் ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பது. கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. அவன் யாருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான் என்று அன்று நான் கேட்கவில்லை.

மதியத்துக்குள் டவர் எல்லாம் போய்விட்டது. ஹாஸ்டலில் இரண்டு ராத்திரி கிடந்தோம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, கிணற்றில் வாளி போட்டு இறைத்தோம், மெழுகுவர்த்தி கடைகளில் தீர்ந்துவிட்டது. ஜெனரேட்டர் உள்ள இடத்தில் போனை வரிசையில் போட்டு சார்ஜ் ஏற்றினார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் புது ஜெர்சியின் சிவப்பு இறங்கி வெள்ளை நம்பர் எல்லாம் ரோஸ் கலரில் இருந்தது. அதை ஹாஸ்டல் வராந்தாக் கொடியில் காயப்போட்டேன், அந்த ஈரக்காற்றில் மூன்று நாளாகியும் காயவில்லை, ஒரு புளித்த வாடை வந்தது, இன்றைக்கும் மழையில் நனைந்த பாலியஸ்டர் துணியை மோந்தால் எனக்கு அந்த வராந்தாதான்.

சனிக்கிழமை எங்கேயோ சிக்னல் கிடைத்தபோது குழுவில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. வியாழன் மதியமே அனுப்பியது: மைதானத்தில் தண்ணீர் தேங்கியதால் போட்டி ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி டிசம்பர் 8. அதாவது நாங்கள் வெள்ளமடத்தில் கம்பிக்கு நடுவில் நின்ற கொஞ்ச நேரத்தில் அங்கே போட்டியே நின்றுவிட்டிருக்கிறது.

அந்த ஒரு வாரத்தில் மாவட்டம் மாறிப்போயிருந்தது. ரப்பர் தோட்டங்கள், வாழைத்தோட்டங்கள் சீப்பால் வாரிய மாதிரி படுத்துக் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள், எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. ஆனால் இதெல்லாம் தரைக்கணக்கு. கடல்கணக்கு வேறு. கடலுக்குப் போனவர்களுக்குப் புயல் வரும் என்று சொல்ல யாருமில்லை, சொல்லியிருந்தாலும் அவ்வளவு தூரத்துக்கு எட்டியிருக்காது. சில போட்டுகள் லட்சத்தீவில் ஒதுங்கின, சில மகாராஷ்டிரக் கரையில். ஒவ்வொரு ஊரிலும் கோவில் முற்றத்தில் உட்கார்ந்து யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். (கடற்கரையில் கோவில் என்றால் சர்ச்.)

புதுத் தேதிக்கு முந்தின நாள், டிசம்பர் 7, சாயங்காலம் கிளம்புவதாகத் திட்டம். இந்தத் தடவை எல்லாரும் முன்னாடியே போய்த் தங்கிவிட வேண்டும் என்று பி.டி. சார் கறாராகச் சொல்லியிருந்தார். கடற்கரைப் பையன்களைக் கூட்டி வர நான் போனேன். அவர்கள் வீட்டில் இல்லை. ஊரே இல்லை. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கில் ஆணும் பெண்ணும் குழித்துறை ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போனேன். ஜனங்களுக்கு நடுவில் கோலியைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. ஜல்லிக்கல்லின் மேல் துண்டை விரித்து அவன் அம்மாவை உட்கார வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "எடே, நீ எதுக்கு வந்த?" என்றான். போட்டிக்குக் கூப்பிட வந்தேன் என்று என் வாயில் வரவில்லை. "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில் ஓடவில்லை, ராத்திரிவரை அங்கேயேதான் இருந்தோம். நடுவில் யாரோ பெரிய அண்டாவில் கஞ்சி கொண்டுவந்தார்கள்.

பி.டி. சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரே நடத்துகிறவர்களுக்குப் பேசி எங்கள் அணியை விலக்கிக்கொண்டார். நுழைவுக் கட்டணம் திரும்ப வரவில்லை. எங்கள் கல்லூரி ஆபீஸில் வேறு, நவம்பர் 30க்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு) கொடுக்கப் பங்கேற்புச் சான்றிதழ் கேட்டார்கள், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கோலியின் அப்பா வந்துவிட்டார். லெஃப்ட் பேக்கின் அண்ணன் வரவில்லை.

சரி, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை: போகலாமா வேண்டாமா என்பதை முந்தின நாள் ராத்திரியே நடத்துகிறவரும் பி.டி. சாரும் பேசி முடிக்க வேண்டும், காலை அஞ்சு மணிக்குப் பையன்கள் தலையில் போடக்கூடாது. பையன்கள் கிளம்பத்தான் செய்வார்கள். நடத்துகிறவர்கள் தங்கள் ஊர் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், வருகிற அணிகளின் மாவட்டத்துக்கு வந்திருக்கும் வானிலை எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும், முக்கியமாக அணிகள் கணவாய்க்கு இந்தப் பக்கமிருந்து வருகின்றன என்றால். வாக் ஓவர் விதியில் இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், பாதி ஆபத்து குறைந்துவிடும். குழு மெசேஜை மட்டும் நம்பாதீர்கள், டவர் விழுந்தால் அது போய்ச் சேராது, கேப்டனின் வீட்டு எண், இன்னொருவரின் எண் என்று இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். ரயிலில் போவதாக இருந்து ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும், அதனால் பணம் போச்சே என்று வேறு வண்டி பிடித்து ஓட வேண்டாம். ஜெர்சியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அதற்கு மேல் மூட்டை கட்டுங்கள்.

அடுத்த வருடம் அதே போட்டிக்குப் போனோம். முதல் சுற்றிலேயே மூன்றுக்குப் பூஜ்யம், தோல்வி. லெஃப்ட் பேக் அப்போது கல்லூரியில் இல்லை, அண்ணனுக்குப் பதிலாகக் கொச்சியில் ஒரு போட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது துறைமுகத்திலிருந்து போன் செய்தான். ஸ்கோரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டான், "லெஃப்ட்ல யாரடே நிறுத்துனீங்க?"