வாசகர் கேள்வி – பதில்: கை தூக்கியதை யார் சொல்ல வேண்டும்?

கேள்வி: நடுவரிடம் கத்துவதும் மட்டையை உடைப்பதும்தான் டென்னிஸில் பெரிய ஒழுக்கக்கேடு என்கிறார்கள். தாங்களும் அப்படித்தான் கருதுகிறீர்களா?

பதில்: இல்லை. கத்துவது தவறுதான், ஆனால் அது எல்லோர் கண்ணெதிரிலும் நடப்பதால், எச்சரிக்கையில் தொடங்கி ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவது வரை நடுவர் தண்டிக்க வழி இருக்கிறது. என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நிற்பதுதான்.

2003ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது செட்டில் 4-2 என்று முன்னிலையில் இருந்த செரீனா வில்லியம்ஸ், 30-0 என்ற நிலையில் செர்வ் (பாயிண்டைத் தொடங்கும் அடி; அதற்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு) போடப் போகிறார். எதிரே நிற்கும் ஜஸ்டின் எனின், தான் இன்னும் தயாராகவில்லை என்று கையைத் தூக்குகிறார். செரீனா அடித்த பந்து வலையில் விழுகிறது. எதிராளி தயாராக இல்லாதபோது போட்ட செர்வ் கணக்கில் சேராது என்பதால், முதல் செர்வை மீண்டும் போட அனுமதிக்குமாறு அவர் கேட்கிறார். நடுவரோ அந்தக் கையைப் பார்க்கவில்லை. பார்த்தவர், தூக்கியவர் என்ற இரண்டு சாட்சிகளில் ஒருவர் எனின்; அவர் வாய் திறக்கவில்லை. செரீனா இரண்டாவது செர்வைத்தான் போட வேண்டியிருந்தது. அந்த கேமையும் இழந்தார், 7-5 என்று செட்டையும் ஆட்டத்தையும் இழந்தார். பார்வையாளர்களின் கூச்சலும் அன்று செரீனாவுக்கு எதிராகவே இருந்தது. எனின் மிக அழகாக ஆடியவர், அந்தப் பட்டத்தையும் வென்றவர்; ஆனாலும் அந்த மௌனத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அதே போட்டியின் 1982ஆம் ஆண்டு அரையிறுதியில், பதினேழு வயது மாட்ஸ் விலாண்டர் மேட்ச் பாயிண்டில் (இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் வெற்றி என்ற நிலையில்) இருந்தபோது, எதிராளி ஹோசே லூயிஸ் கிளர்க் அடித்த பந்து வெளியே விழுந்ததாக அறிவிக்கப்பட்டது. வெற்றி கைக்கு வந்த பின்னும் விலாண்டர் நடுவரிடம் சென்று, பந்து உள்ளேதான் விழுந்தது, அந்தப் பாயிண்டை மறுபடி ஆடுகிறோம் என்றார். ஆடினார், வென்றார். 2005இல் ரோம் நகரில் ஆண்டி ராடிக் செய்ததும் இதுவே. மேட்ச் பாயிண்டில் எதிராளி வெர்டாஸ்கோவின் இரண்டாவது செர்வ் வெளியே என்று அறிவிக்கப்பட்டதும் ராடிக் வென்றுவிட்டார் என்ற நிலை. அவரோ களிமண் தரையில் கோட்டின் மேல் பதிந்திருந்த பந்தின் தடத்தைக் காட்டி, பாயிண்டை எதிராளிக்கே விட்டுக்கொடுத்தார். பிறகு அந்த ஆட்டத்தில் தோற்றும் போனார். விலாண்டரை விட ராடிக்கை நான் ஒரு படி மேலே வைப்பது அதனால்தான்.

கேள்வி: இப்போது பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்று கணிக்க இயந்திரம் வந்துவிட்டதே, இனிச் சச்சரவுக்கு இடம் உண்டா?

பதில்: உண்டு. பந்து எங்கே விழுந்தது என்பதைத்தான் அந்த இயந்திரம் சொல்லும். தரையில் இரண்டு முறை பட்டதா, மட்டையின் விளிம்பை உரசியதா என்பதைச் சொல்லாது. 2024 ஆகஸ்டில் சின்சினாட்டியில் ஜாக் டிரேப்பரின் மட்டை விளிம்பில் பட்ட பந்து அவர் பக்கத்துத் தரையிலேயே குத்திவிட்டு வலையைத் தாண்டியது. அதுவும் மேட்ச் பாயிண்டில். எதிராளி ஃபெலிக்ஸ் ஓஜே அலியாசிம் எவ்வளவோ முறையிட்டும் நடுவர் மாறவில்லை. காணொளியில் சரிபார்க்கும் வசதியும் அப்போது அங்கே இருக்கவில்லை. தான் பந்தைப் பார்க்கவில்லை என்றும், காட்சியைக் காட்டினால் மறுபடி ஆடத் தயார் என்றும் டிரேப்பர் சொன்னார். காட்ட யாரும் இல்லாததால் இருவரும் கை குலுக்கினார்கள், வெற்றி டிரேப்பருக்கே போனது.