ஊர் சுற்ற வருபவர்களுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலை: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

திருகோணமலை நகரில் இருந்துகொண்டு குடும்பங்களுக்கும் தனி ஆட்களுக்கும் பயணம் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். பெரிய கம்பனி இல்லை. ஒரு மேசை, இரண்டு போன், நம்பிக்கையான சில சாரதிகள், அவ்வளவுதான். இந்த வேலையைப் பற்றி விருப்பமானதைக் கேளுங்கள் என்றேன், நிறையவே வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

மூதூரிலிருந்து: அக்கா, உங்களுடைய ஒரு நாள் எப்படிப் போகும்? நிலாவெளி மணலில் லேப்டாப்போடு இருப்பீர்களா?

அந்த வெயிலில் லேப்டாப் திரையில் ஒன்றும் தெரியாது தம்பி. என் நாள் பெரும்பாலும் போனில்தான் போகிறது. கோடையில் டொரோண்டோவில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. வேலை முடிந்து, சாப்பிட்டு, குடும்பமாக இருந்து கதைக்க அவர்களுக்கு வசதியான நேரம் அதுதான். ஆகவே கனடாக்காரர்கள் விடியலில் வருவார்கள். லண்டன்காரர்களுக்கு அதே எட்டு மணி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் வந்தால் மதியத் தூக்கம்தான் துணை.

விடிந்ததும் ரோட்டில் இருக்கிற சாரதிகளுக்கு அழைப்பேன். இரவு எங்கே படுத்தார், வண்டி சரியா, பிள்ளைக்கு வாந்தி நின்றதா. அப்புறம் அன்று இரவு ஆட்கள் போய்ச் சேர வேண்டிய ஹோட்டல். மின்னஞ்சலில் உறுதி வந்திருந்தாலும் ஒருமுறை குரலில் கேட்பேன்: எத்தனை அறை, எந்த மாடி, வயதானவர் இருக்கிறார், லிஃப்ட் வேலை செய்கிறதா, சாரதிக்குப் படுக்க இடம் உண்டா. சீசனில் இருக்கிற அறையை விடக் கூடுதலாக விற்றுவிட்டு, ஆள் வந்து நின்ற பிறகு கையைப் பிசைகிற இடங்கள் உண்டு. காலையிலேயே தெரிந்தால் வேறு அறை பிடிக்கலாம். இரவு எட்டுக்குத் தெரிந்தால் என்ன செய்வது?

படகுக்காரர்களிடம் காற்றைக் கேட்பது அடுத்தது. இதெல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் புதிய ஆட்களுக்குத் திட்டமும் விலையும் எழுத உட்காருவேன்.

லண்டனிலிருந்து: தங்கச்சி, ஆகஸ்டில் இரண்டு பிள்ளைகளோடு பத்து நாளுக்கு வருகிறோம். கண்டி, எல்ல, யால, மிரிஸ்ஸ, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம், நல்லூர்த் திருவிழா எல்லாம் பார்க்கலாமா? ஏஐயிடம் கேட்டேன், முடியும் என்று நாள்வாரியாகப் போட்டுத் தந்தது.

முடியும் அண்ணா, வேன் ஜன்னலால். இப்படிப்பட்ட திட்டங்கள் இப்போது வாரம் தவறாமல் என்னிடம் வருகின்றன. நம்முடைய ரோட்டைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவோம், மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருகோணமலை சுமார் 250 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நிறுத்தினால் ஆறு மணி நேரம். இங்கிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எல்லவுக்கு ஒரு முழுப் பகலும் போய்விடும். அன்றைக்குப் பிள்ளைகள் பார்ப்பது சாரதியின் பின்தலையை மட்டும்தான்.

முதலில் மிரிஸ்ஸவை வெட்டுங்கள். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று. அந்தப் பக்கத்துக் கடல் குளிக்கிற கடலாக இருக்காது. நம் கிழக்குக் கடல் அப்போதுதான் கண்ணாடி போலக் கிடக்கும். யாலவும் வேண்டாம். சிறுத்தை பார்த்தே தீர வேண்டும் என்றால் வேறு கதை. யானை போதும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாக் குளம் வற்றி, கரையில் புல் முளைத்து, கூட்டம் கூட்டமாக யானைகள் இறங்கும். சில நாள் அவை பக்கத்துக் கவுடுல்லவுக்குப் போய்விடும். எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதை அன்று காலை ஜீப்காரர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே ஒன்றுக்குக் காசு கட்டிவிடாதீர்கள்.

கண்டியிலும் அந்த நாட்களில் பெரஹரா ஊர்வலம் வரும். அறை விலை ஏறும், ரோடு மூடும். பெரஹராவுக்காக வருகிறீர்கள் என்றால் அதைச் சுற்றியே திட்டம் போட வேண்டும். வழியில் ஒரு இரவு என்று மட்டும் போடக்கூடாது. நல்லூரும் அப்படித்தான்: 25 நாள் திருவிழாவில் தேரும் தீர்த்தமும் கடைசியில் வரும். தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள், எடுத்துவிட்டுப் பார்க்காதீர்கள்.

நான் போட்டால் இப்படி வரும்: இறங்கிய இரவு நீர்கொழும்பு, சிகிரியாவில் இரண்டு இரவு, திருகோணமலையில் மூன்று, யாழ்ப்பாணத்தில் இரண்டு, கடைசி இரவு மறுபடி விமான நிலையத்துப் பக்கம். சிகிரியாவில் காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கிவிட வேண்டும், பத்துக்கு மேல் பாறை சுடும். ஏஐ எட்டு இடம் தந்தது, நான் மூன்று தருகிறேன். அந்த ஐந்தை வெட்டுவதற்குத்தான் எனக்குக் காசு.

அதே அண்ணா: நான் பெரிய கடை வீதியில் பிறந்து வளர்ந்தவன். சிகிரியாவிலும் புறாமலைத் தீவிலும் என்னிடம் வெளிநாட்டுக்காரன் கட்டணம் கேட்பது நியாயமா?

நியாயமா என்று டிக்கெட் கொடுக்கிற பையனிடம் கேட்டுப் பயனில்லை. அவர் பார்ப்பது ஆவணத்தை. இலங்கை அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இருந்தால் உள்ளூர்க் கட்டணம். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அதைக் கையோடு கொண்டு வாருங்கள், சூட்கேசுக்குள் வைக்காதீர்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான், அது பல மடங்கு. புறாமலையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுக் கட்டணம் வேறு, படகு வாடகை வேறு. இதையெல்லாம் நான் விலையில் கலந்து மறைப்பதில்லை. தனித்தனி வரியாக எழுதிவிடுவேன். டிக்கெட் ஜன்னலில் அப்பா சண்டை பிடிக்கிற காலையைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

உப்புவெளியிலிருந்து: திமிங்கிலம் கட்டாயம் தெரியும் என்று சொல்லி விற்கலாமா?

கூடாது. மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல வாய்ப்பு. இங்கே கரைக்குக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால் நீலத் திமிங்கிலங்கள் அதிகம் தூரம் போகாமலே தெரியும். ஆனாலும் அது கடல்.

சென்னையிலிருந்து: மேடம், ஈழத்தின் இரண்டு பாடல் பெற்ற தலங்களான திருக்கேதீஸ்வரத்தையும் கோணேசர் கோயிலையும் அப்பாவுக்குக் காட்ட வேண்டும். அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. எப்படிப் போடுவது?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது. சிறிய விமானம், பொதி எடை வரம்பை முதலில் பாருங்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, மறுபடி ஓடுகிறது. இளவட்டங்களுக்கு அது நல்ல அனுபவம். வானிலை சரியில்லை என்றால் ஓடாது என்பதால் உங்கள் அப்பாவுக்கு நான் போட மாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி ஒருநாள் ஓய்வு. மறுநாள் மன்னார்ப் பக்கம் திருக்கேதீஸ்வரம், இரவு அங்கேயே அல்லது வவுனியாவில். ஒரே நாளில் திருகோணமலைக்கு இழுக்காதீர்கள். முழங்கால் நடப்பதை விட, மடக்கியபடி வேனில் இருப்பதில்தான் அதிகம் வலிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்கச் சொல்லுங்கள்.

கோணேசர் கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் ஏறிப் போகும் பாறை முனையில் இருக்கிறது. கோட்டை வாசலிலேயே இறங்கி நடக்கத் தேவையில்லை, கோயிலுக்குக் கிட்ட வரை வாகனம் போகும். வழியில் மான்கள் நிற்கும், அப்பாவுக்குப் பிடிக்கும். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். தவிர, வெறுங்காலை அந்தக் கல் பொசுக்கிவிடும். காலையிலோ மாலையிலோ போங்கள். பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கதை கேட்க ஆசை இருந்தால் தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயிலையும் சேருங்கள். இடிபாட்டுக்குத் தப்பிய மூர்த்தங்கள் வந்து சேர்ந்த இடம் என்று ஊரார் சொல்வார்கள். வயல் நடுவே, கூட்டமில்லாத கோயில்.

கன்னியா வெந்நீரூற்றுக்கும் கூட்டிப் போகலாம், ஆனால் படம் பார்த்துவிட்டுக் குளம் என்று நினைத்து வராதீர்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து: அக்கா, நான் வேன் ஓட்டுகிறேன். உங்கள் ஆட்களை வாசனைத் தோட்டத்துக்கும் இரத்தினக்கல் கடைக்கும் ஏற்றக்கூடாது என்கிறீர்களாம். கமிஷன் இல்லாமல் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

நேராகக் கேட்டதற்கு நன்றி தம்பி. கமிஷனை நான் நிறுத்தினால் அந்தக் காசை நான்தான் தர வேண்டும். அதனால்தான் என் நாள்கூலி மற்றவர்களுடையதை விடக் கூட, சாப்பாட்டுக் காசும் தனி. வாடிக்கையாளர் வந்து “வேறு இடத்தில் வேன் மலிவாகச் சொல்கிறார்களே” என்பார். அந்த மலிவை யாரோ கட்டத்தான் செய்கிறார்கள்: நாலு மடங்கு விலைக்கு ஏலக்காய் வாங்குகிற உங்கள் மனைவிதான் என்று சொல்வேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் மலிவுக்கே போய்விடுவார்கள். போகட்டும். ஆட்கள் தாங்களாகவே கடைக்குப் போக வேண்டும் என்று கேட்டால் தாராளமாகக் கூட்டிப் போங்கள், கிடைப்பது உங்களுடையது.

என்னிடம் ஓட வருவதானால் வேறு இரண்டு விசயம். ஹபரணை – கந்தளாய் ரோட்டில் இருட்டின பிறகு ஓட்டக்கூடாது. யானை நிற்பது உங்களுக்குத் தெரியும், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவர்கள் “கெதியாகப் போங்கள்” என்பார்கள். அடுத்தது, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி உரிமம் இல்லாமல் தொல்லியல் இடத்துக்குள் போய் விளக்கம் சொல்லாதீர்கள். உரிமம் எடுக்க ஆசை என்றால் வாருங்கள், விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கை: இந்தத் தொழிலுக்கு என்ன படிக்க வேண்டும்?

ஹோட்டல், வாகனம் எல்லாம் சேர்த்து விற்கப் போகிறாய் என்றால் அதே சபையில் பயண முகவராகப் பதிவு வேண்டும். படிப்பு என்று கேட்டால் மொழியைத்தான் சொல்வேன். ஆங்கிலம் எல்லோரும் சொல்வார்கள். என் அழைப்புகளில் பெரும்பகுதி சிங்களத்தில் நடக்கிறது: தம்புள்ளை ஜீப்காரர், நுவரெலியா விடுதி, ரயில் நிலையம். மூன்றும் கலந்து பேசுகிற ஊரில் பிறந்தது உனக்குப் பெரிய முதல். கணக்கும் வேண்டும்.

மழைக்காலத்தில் சும்மாவா இருப்பீர்கள்? (பலர் கேட்டது)

நவம்பர், டிசம்பரில் இங்கே கடல் கொந்தளிக்கும், படகுகளைக் கரையேற்றி விடுவார்கள். அப்போது தெற்கே காலி, மிரிஸ்ஸ பக்கம் சீசன். நான் இங்கிருந்து அங்கே அனுப்புவேன். சிவனொளிபாதமலைக் காலமும் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே வரை இருக்கிறது. ஜனவரியில் வெளிநாட்டு உறவுகள் ஜூலை விடுமுறைக்குக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து: பயணத்துக்கு நடுவே ஏதாவது நடந்துவிட்டால்?

நடக்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை, 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல். புயலுக்குப் பிறகு மலைநாட்டு ரயில் பாதை சேதப்பட்டுக் கிடந்தபோது, எல்ல ரயிலுக்காகவே வருகிறோம் என்றவர்களுக்கு முழுத் திட்டத்தையும் திருப்பிப் போட வேண்டி வந்தது. இதிலிருந்து வந்த பழக்கம்: ஹோட்டல்களில் எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் காசு திரும்பும் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுவேன். பின்னே தள்ளக்கூடிய கொடுப்பனவைப் பின்னே தள்ளுவேன். ஒரு வாடிக்கையாளரின் முற்பணத்தை எடுத்து இன்னொருவரின் ஹோட்டலுக்குக் கட்டவே மாட்டேன். இந்தத் தொழிலில் பலர் மூழ்கியது அங்கேதான். பயணக் காப்புறுதி இல்லாமல் வருகிறவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே கதைப்பேன்.

திருகோணமலை நகரிலிருந்து: திட்டத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, தாங்களே பதிவு செய்கிறவர்களை என்ன செய்வது?

கோபப்பட்டு என்ன பயன் அக்கா. முதல் தடவை நான் கொடுப்பது எலும்புக்கூடு: எந்த ஊர், எந்த வரிசை, எத்தனை இரவு, ஏறக்குறைய என்ன செலவு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் தானே போய் வந்தால் சந்தோசம்தான். ஹோட்டலின் பெயர், எந்தப் பக்கத்து அறை, சாரதி யார், எந்தப் படகு, எந்த வளைவில் தேநீர்க் கடை என்பதெல்லாம் திட்டக் கட்டணம் வங்கிக்கு வந்த பிறகு. சொந்தக்காரர்களுக்கும் இதே விதிதான். என் மாமா இன்னும் கட்டவில்லை, அதனால் அவருக்கு இன்னும் எலும்புக்கூடுதான்.