பத்து யூரோவுக்குள் ஸ்பானிஷ் சிவப்பு ஒயின்: கேட்டதும் சொன்னதும்

சரகோசாவில் ஒரு ஒயின் கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். விலை குறைந்த ஸ்பானிஷ் சிவப்பு ஒயினை எப்படிப் பார்த்து வாங்குவது, சுவைத்து எப்படி எடை போடுவது என்று நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்கு கார்னாச்சா திராட்சை மேல் கொஞ்சம் பாசம் அதிகம். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லக் கூடாது.

கேள்வி: அண்ணா, ஐந்து யூரோவுக்கு ரியோஹாவும் இருக்கிறது, கேள்விப்படாத ஊர் ஒயினும் இருக்கிறது. எதை எடுப்பது?

கேள்விப்படாத ஊரை எடுங்கள். ரியோஹா பெயர் பெற்ற ஊர். 1991-இல் ஸ்பெயினின் மிக உயர்ந்த ஒயின் தரச்சான்று முதலில் கிடைத்தது அதற்குத்தான். அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஐந்து யூரோ ரியோஹாவில் பெயருக்குப் போக மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஐந்து யூரோவுக்கு இங்கே அராகோன் பக்கம் கம்போ தே போர்ஹா, கலாதயூத், கரின்யேனா ஊர்களின் கார்னாச்சா கிடைக்கும். வறண்ட பூமி. பந்தல் இல்லாமல் குட்டைப் புதராக நிற்கும் பழைய கொடிகள். வயதான கொடி குறைவாகவே காய்க்கும், ஆனால் சுவை திரண்டு இருக்கும். ஒரு காலத்தில் கார்னாச்சாவை மட்டமான திராட்சை என்று பிடுங்கிப்போட்டுவிட்டு டெம்ப்ரானியோ என்ற வேறு திராட்சையை நட்டார்கள். தப்பிப் பிழைத்த கொடிகள்தான் இன்று நமக்கு லாபம். தெற்கே ஹுமியா, யெக்லா ஊர்களின் மொனாஸ்ட்ரெல், வலென்சியா பக்கம் ஊத்தியேல்-ரெக்கேனாவின் பொபால், இவையும் இதே கணக்குதான்.

கேள்வி: லேபிளில் கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்று போட்டிருக்கிறது. ஒவ்வொரு படி ஏறினால் தரமும் ஏறுமா?

ஏறுவது வயது. ரியோஹா சிவப்பு ஒயினுக்கு விதி இது: கிரியான்சா என்றால் இரண்டு வருடம், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். ரெசெர்வா மூன்று வருடம், அதிலும் பீப்பாயில் குறைந்தது ஒன்று. கிரான் ரெசெர்வா ஐந்து வருடம், பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு. பின்பக்கச் சீட்டின் நிறமே சொல்லிவிடும்: சாதாரணத்துக்குப் பச்சை, கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்குக் கரும்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். மற்ற ஊர்களில் பொது விதி இளகலானது. கிரியான்சாவுக்குப் பீப்பாயில் ஆறு மாதம் போதும்.

மெலிந்த ஒயினை ஐந்து வருடம் பூட்டி வைத்தால் ஐந்து வருடப் பழைய மெலிந்த ஒயின்தான் கிடைக்கும். ஆறு யூரோ கிரான் ரெசெர்வாவை நான் வாங்க மாட்டேன். அந்தக் காசுக்கு முந்தைய வருட அறுவடையில் வந்த ஹோவென், அதாவது இளம் ஒயின், நிச்சயம் கலகலப்பாக இருக்கும். எட்டு, ஒன்பது யூரோ கொடுக்கத் தயார் என்றால் ரியோஹா கிரியான்சா பக்கம் போகலாம். ஆரோ ஊரில் 1879-இல் தொடங்கிய கூனே போன்ற பழைய நிறுவனங்களின் கிரியான்சா பெரும்பாலும் ஏமாற்றாது.

கேள்வி: நான்கு யூரோ ஒயினில் வனிலா வாசனை தூக்கலாக அடிக்கிறது. நல்ல பீப்பாயில் வைத்திருந்தார்கள் என்று அர்த்தமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். புதுப் பீப்பாய் 600 யூரோ என்று வைத்துக்கொண்டாலே பாட்டிலுக்கு 2 யூரோ மரத்துக்கு மட்டும் போகிறது. அப்புறம் திராட்சை, பாட்டில், கார்க், லாரி, கடைக்காரன் லாபம். நான்கு யூரோவில் இதெல்லாம் அடங்குமா? பெரும்பாலும் தொட்டியில் ஓக் சிப்ஸ், அதாவது மரச் சில்லு, ஊறப்போட்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் இதை அனுமதித்துவிட்டது, திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வனிலா தனியாக மேலே மிதக்கும், பழத்தோடு சேராது. மலிவு ஒயினில் மரத்தைத் தேடாதீர்கள், பழத்தைத் தேடுங்கள்.

கேள்வி: பிளாக்பெர்ரி, சீடார் மரம் என்று எழுதுகிறார்கள். நான் இரண்டையும் வாழ்க்கையில் முகர்ந்ததே இல்லை. எனக்கு எப்படிப் புரியும்?

அவர்கள் மூக்கில் உள்ளதை அவர்கள் எழுதுகிறார்கள், உங்கள் மூக்கில் உள்ளதை நீங்கள் எழுதுங்கள். டானின், டானின் என்று வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதை வைத்திருக்கிறோம். வாழைப்பூ நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டவருக்கு, பாக்கு மென்றவருக்கு அது என்ன என்று தெரியும். நாக்கு சுருங்கி, ஈறு காய்ந்துபோகும்.

என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது: பொபால், மொனாஸ்ட்ரெல் என்றால் நாவல்பழம், அந்த நிறமும் துவர்ப்பும் சேர்த்து. அமெரிக்க ஓக் பீப்பாய் என்றால் கொப்பரையும் வனிலாவும். பிரெஞ்சு ஓக் என்றால் கிராம்பு. வயதான ரியோஹா என்றால் புதுத் தோல் செருப்பு, கொஞ்சம் புகையிலை. வடமேற்கே பியெர்சோ ஊரின் மென்சியா என்றால் செர்ரியும் மிளகும். யாருக்கும் காட்ட வேண்டிய நோட்டு இல்லையே.

கேள்வி: வீட்டில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சுவைத்து மதிப்பெண் போட நினைக்கிறோம். எப்படிச் செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நாலைந்து பாட்டில் போதும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருக்கட்டும். பாட்டிலை செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றி எண் எழுதுங்கள். சுற்றுகிறவர் வேறு, எண் எழுதுகிறவர் வேறு என்றால் யாருக்கும் எது எதுவென்று தெரியாது. ஒருவருக்கு இரண்டு வாய் அளவு ஊற்றுங்கள். பக்கத்தில் துப்ப ஒரு சொம்பு வேண்டும். வெட்கப்பட வேண்டாம், துப்பாமல் குடித்தால் நாலாவது பாட்டில் எல்லாருக்கும் அமிர்தமாகத்தான் தெரியும். இளம் ஒயினை முதலில், மரம் பட்டதைக் கடைசியில் வையுங்கள். ஒயின் 16 டிகிரி பக்கம் இருக்கட்டும். கோடையில் அலமாரியில் கிடந்த பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாக இருக்கும், இல்லையென்றால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் ஒருவர் ‘ஆகா’ என்றால் மற்றவர் நாக்கும் ஆகா என்றுதான் சொல்லும். நாலு விஷயம் பாருங்கள். வாசனை சுத்தமா? பழம் தெரிகிறதா? புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் எரிச்சல் மூன்றில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கிறதா? விழுங்கியபின் (அல்லது துப்பியபின்) சுவை எத்தனை வினாடி நிற்கிறது? மலிவு ஒயின் பெரும்பாலும் கடைசியில்தான் தோற்கும். வாயில் நன்றாக இருந்துவிட்டு சட்டென்று காணாமல் போய்விடும்.

ஒரு தந்திரம். ஒரே ஒயினில் இரண்டு பாட்டில் வாங்கி வேறு வேறு எண்ணில் வையுங்கள். நான் ஒருமுறை இந்தப் பரிட்சையில் இரண்டாம் எண்ணுக்கு 20-க்கு 12-ம் ஐந்தாம் எண்ணுக்கு 16-ம் போட்டேன். காகிதத்தைப் பிரித்தால் இரண்டும் ஒரே கார்னாச்சா. கூட இருந்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பெண் எல்லாம் போட்டபின் பாட்டில்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுங்கள். எது முதலில் காலியாகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் அது மதிப்பெண்ணில் முதலில் வந்ததாக இருக்காது.

கேள்வி: கிளாஸில் வழியும் கோடுகள், பாட்டில் அடிக்குழி, ரியோஹா பாட்டிலில் தங்கக் கம்பி வலை. இதெல்லாம் தரத்தின் அடையாளமா?

இல்லை, இல்லை, இல்லை. கோடு ஆல்கஹாலால் வருவது. கம்பி வலை ஒரு காலத்தில் போலி ஒயினைப் பாட்டிலில் நிரப்பாமல் தடுக்கப் போட்டது, இப்போது வெறும் அலங்காரம்.

கேள்வி: ‘சென்சிபெல்’ என்று லேபிளில் இருந்தது. அது என்ன புது திராட்சை?

நம்ம டெம்ப்ரானியோதான். லா மாஞ்சா பக்கம் சென்சிபெல், ரிபேரா தெல் துவேரோவில் தின்தோ ஃபீனோ, கத்தலோனியாவில் முயல் கண் என்று பொருள்படும் ஒரு பெயர். ஊருக்கு ஊர் பெயர் மாறும்.

கேள்வி: ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா, அல்லது அதன் சுவையே அப்படியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்து, பழமே இல்லாமல் செத்துக்கிடந்தால் கார்க் கெட்டது. கடையில் திருப்பிக் கொடுங்கள், நாங்கள் மாற்றித் தருவோம். நெயில் பாலிஷ், வினிகர் வாசனை தூக்கலாக இருந்தாலும் கோளாறுதான். குதிரை லாயம் போல லேசாக வீசினால் அது ஒரு வகை ஈஸ்ட்டின் வேலை, சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. அடியில் படியும் வண்டல் குற்றமில்லை.

கேள்வி: மட்டன் சுக்காவோடு எந்த ஒயின்?

மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் அதிக ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும். அதனால் 15 சதவீத ஆல்கஹால் உள்ள தோரோ ஊர் ஒயினை அன்றைக்குத் தொடாதீர்கள். ரியோஹா அலவேசாவில், திராட்சையைப் பிழியாமல் குலையோடு தொட்டியில் நொதிக்கவிட்டுச் செய்யும் இளம் ஒயின் உண்டு. பழம் அதிகம், துவர்ப்பு குறைவு. நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள். மிளகுக் காரம் மட்டும் என்றால் மென்சியா எடுக்கலாம்.

கேள்வி: வாங்கிவந்த ஒயின் சகிக்கவில்லை. கொட்டிவிடவா?

ஒரு நாள் பொறுங்கள். கார்க்கை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பாருங்கள், முறுக்கான இளம் ஒயின் சிலது காற்றுப்பட்டு இளகிவிடும். இளகவில்லையா? பாதி ஒயின், பாதி கசெயோசா என்னும் இனிப்புச் சோடா, நிறைய ஐஸ், ஒரு எலுமிச்சைத் துண்டு. இதற்கு இங்கே தின்தோ தே வெரானோ, கோடைக்காலச் சிவப்பு என்று பெயர். ஜூலையில் ஸ்பெயின்காரர்கள் பாதிப் பேர் கையில் அதுதான் இருக்கும்.