வயிற்று அறுவைக்குப் பின் எப்போது எழலாம், எவ்வளவு நடக்கலாம்? சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: 72 வயதான என் அப்பாவுக்குப் பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஈப்போவில் வயிற்றைத் திறந்து அகற்றினார்கள். வீடு திரும்பிப் பத்து நாள்கள் ஆகின்றன. புண் ஆறும்வரை எழவே கூடாது என்கிறார் அம்மா. மருத்துவமனைத் தாதியோ நடக்கச் சொல்லி அனுப்பினார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தாதி சொன்னதைக் கேளுங்கள். அறுவை முடிந்த மறுநாளே நோயாளியைக் கட்டிலை விட்டு இறக்கி நிற்க வைப்பது இன்று பரவலான மருத்துவ நடைமுறை; டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் வகுத்த விரைவு மீட்சி முறையில் அதற்கு முக்கிய இடம் உண்டு. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த முதியவர்களே பத்து நாள்கள் படுக்கையில் கிடந்தபோது கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். வயிற்றில் தையலோடு, பசியும் குறைந்து படுத்திருக்கும் ஒருவருக்கு இழப்பு அதைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியின் புண், மூன்று வாரங்களில் மெல்லிய கோடாக அழகாக ஆறியிருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழச் சொன்னபோது, இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி மூன்று முறை முயன்றும் அவரால் எழ முடியவில்லை, முழங்கால்கள் நடுங்கின. அந்த மூன்று வாரமும் வீட்டில் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியிருந்தார்கள். பாசத்தில் குறையில்லை, கால்களுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று.

ஆகவே அப்பா பகலில் மணிக்கு ஒரு முறை எழுந்து, வீட்டுக்குள்ளேயே மூன்று நிமிடமாவது நடக்கட்டும். பிறகு ஒரு நடைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நடை என்று கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கும்போது பேச முடியவேண்டும். பேச்சு இடையிடையே அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். வெயில் ஏறுமுன் காலையிலோ, மழை விட்ட மாலையிலோ லயத்து வாசலில் நடக்கலாம். ஈரமான சிமெண்டுத் தரையை மட்டும் தவிர்க்க வேண்டும். இதோடு, சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியிலிருந்து மூச்சை வெளியே விட்டபடி எழுந்து மெல்ல உட்காருவதை ஐந்து முறை, நாளைக்கு மூன்று வேளை செய்யவேண்டும். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புற்றுநோய் அறுவைக்குப் பின் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் நீடிக்கும்.

கேள்வி: இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அடக்கிக்கொள்ளலாமா?

பதில்: அடக்காதீர்கள். சளி நுரையீரலின் அடியில் தங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சிறு தலையணையை அல்லது மடித்த துண்டைப் புண்ணின்மேல் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சற்று முன்னால் சாய்ந்து இருமுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை மெல்ல ஆழமாக மூச்சிழுத்து, மூன்று வினாடி நிறுத்தி விடுவதைப் பத்துத் தடவை செய்யுங்கள். புண்ணிலிருந்து திடீரென இளஞ்சிவப்பு நீர் பெருகி வந்தால் மட்டும் இருமலைப் பற்றிய யோசனையை விட்டு, நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் குந்தும் கழிப்பறைதான். தாத்தா பாயில்தான் படுப்பார். இதில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: முதல் ஆறு வாரங்களுக்கு இரண்டையும் மாற்றுவது நல்லது. நடுவில் துளையுள்ள நாற்காலியைக் கழிப்பறையின் மேல் வைத்தால் போதும். முக்குவதும் குறையும், எழுவதும் எளிதாகும். கட்டிலில் நேராக நிமிர்ந்து எழக் கூடாது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தே புரளுமாறு ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டபடியே கையை ஊன்றி எழுந்து உட்காரவேண்டும். பாயைத்தான் விட முடியாது என்றால், ஒருக்களித்து, முட்டிபோட்டு, பக்கத்தில் போட்ட நாற்காலியைப் பிடித்து எழட்டும்.

கேள்வி: வயிற்றைச் சுற்றிப் பெங்குங் என்னும் துணிக்கட்டைக் கட்டினால் குடலிறக்கம் வராதா?

பதில்: அப்படி நம்பி எடை தூக்காதீர்கள். கட்டு அணிந்தால் வலி குறைந்து நடக்கத் தைரியம் வரும் என்பது உண்மை. மூச்சிழுக்க இடம் விட்டுக் கட்டி, படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 66. மூன்று மாதங்களுக்கு முன் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றினார்கள். தைப்பூசத்தில் பத்து மலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: உங்கள் வேண்டுதலை நான் சிறிதாக நினைக்கவில்லை. அறுவையின் தழும்பு மூன்று மாதங்களில் பழைய வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டும். முழு வலிமை திரும்புவதில்லை. ஆறு வாரம்வரை ஐந்து கிலோ அரிசிப் பையைக்கூடத் தூக்கவேண்டாம் என்று சொல்வோம். கேஸ் தோங்கை, அதாவது சமையல் எரிவாயு உருளையைத் தூக்க அதன் பிறகும் வேறொருவரைக் கூப்பிடுங்கள். பால்குடத்தில் ஒரு லிட்டர் பால் என்றால் குடத்தோடு சேர்த்து ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கலாம். அந்த எடையைவிட, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியபடி, நெரிசலில் நினைத்த இடத்தில் நிற்க முடியாமல், 272 படிகளை ஏறுவதுதான் கடினம்.

அறுவை செய்த மருத்துவர் சம்மதித்தால், இன்றிலிருந்தே வீட்டு வாசற்படியில் ஏறி இறங்கிப் பழகுங்கள். இருபது படியில் தொடங்கி, மூச்சு வாங்காவிட்டால் மட்டும் ஒவ்வொரு வாரமும் கூட்டுங்கள். நூறு படிகளை நிற்காமல் ஏற முடியாத நிலையில் தைப்பூசம் வந்துவிட்டால், இவ்வாண்டு குடத்தை மகளிடம் கொடுத்து, நீங்கள் அடிவாரத்தில் நின்று கும்பிடுங்கள். விரதத்தைப் பற்றியும் ஒன்று: பத்தியம் என்று ஏற்கெனவே முட்டையையும் மீனையும் ஒதுக்கியிருப்பீர்கள், விரத நாள்களில் கஞ்சியும் பழமும் மட்டும் என்று இருந்தால் தசைக்குப் புரதம் கிடைக்காது. மீண்டுவரும் முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள். பருப்பு, பால், தயிர், சோயாவில் செய்யும் தௌஹூ, தெம்பே எதுவும் சைவ விரதத்துக்கு விரோதமில்லை. மூன்று வேளையிலும் அவற்றில் ஒன்று தட்டில் இருக்கட்டும்.