வாய்க்கால் கரைக்கு எந்த சைக்கிள்? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓட்டுவதற்கு என்று சொல்லியே 42,000 ரூபாய்க்கு ஒரு கிராவல் (சரளைப் பாதை) சைக்கிள் வாங்கினேன். பில்லிலும் ‘கிராவல்’ என்றுதான் எழுதியிருக்கிறது. முதல் நாளே சக்கரம் மண்ணில் புதைந்துவிட்டது. டயரில் 700x28 என்று போட்டிருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருக்கும் வரியைக் காட்டுகிறார்.
- பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 28 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். அது தார்ச்சாலைக்கான டயர். சரளையும் மண்ணும் கலந்த கரைக்கு 38க்குக் குறையக் கூடாது. 40, 45 இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் பின்பக்க ஃபிரேமிலும் 40 மி.மீ. டயர் உரசாமல் சுற்ற இடம் இருக்கிறதா என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். இடம் இருந்தால், கடைக்காரர் தன் செலவில் டயரை மாற்றித் தரட்டும். இடம் இல்லையென்றால் அது கிராவல் சைக்கிளே அல்ல. பில்லில் ஒன்றை எழுதி வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். முழுப் பணத்தையும் கேளுங்கள். அதுவரை அந்த சைக்கிளை ஓட்டாதீர்கள். டயர் எண்ணும் ஃபிரேம் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற அந்த ஒரு வரியின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். ஜவுளிக்கடை, மோட்டார் பம்ப் கடை, சைக்கிள் கடை என்று எங்கே போனாலும் பில் புத்தகம் அச்சடிக்கும்போதே அதையும் சேர்த்து அச்சடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் அதைப் படித்ததும் சட்டமே தனக்கு எதிராக இருக்கிறது என்று நினைத்து வாய் மூடிக்கொள்கிறார். சட்டம் சொல்வது வேறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47)ஐப் பாருங்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கடைக்காரர் அச்சடித்த வரி நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு மேலானது அல்ல. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பதற்கு இந்தச் சட்டம் துணை வராது. உங்கள் விஷயம் அப்படிப்பட்டதல்ல.

இன்றே ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரமாக ஓட்ட, முன்பக்க சஸ்பென்ஷனும் 21 கியரும் வேண்டுமா?
- விவசாயி, உடுமலை

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. தண்ணீர் மேடேறாது, அதனால் வாய்க்கால் சரிவைச் சுற்றி வளைந்து ஏறக்குறைய சமமாகவே போகும். அந்தப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

கேள்வி: ‘அயர்லாந்தைப் போல வாகனமே இல்லாத வாய்க்கால் பாதையில் 50 கி.மீ. சைக்கிள் பயணம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஆளுக்கு 1,800 ரூபாய் கட்டினோம். பாதித் தூரம் லாரி ஓடும் சாலை. கரையிலும் டிராக்டர், பைக், ஆட்டு மந்தை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- நால்வர், பெருந்துறை

பதில்: கேட்கலாம். விளம்பரத்தின் படத்தையும் பணம் கட்டிய விவரத்தையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு இரண்டும் இதில் இருக்கின்றன.

ஆனால் டிராக்டர் மேலும் ஆட்டு மந்தை மேலும் குறை சொல்லாதீர்கள். அயர்லாந்தின் ராயல் கால்வாய்ப் பசுமைவழி 130 கி.மீ. நீளம். படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து இழுத்துச் சென்ற பழைய பாதையைச் சீரமைத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றே 2021இல் முழுமையாகத் திறந்தார்கள். நம் கீழ்பவானி வாய்க்கால் ஏறக்குறைய 200 கி.மீ. ஓடி, 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. அதன் கரை மதகு பார்க்கவும், உடைப்பு வந்தால் ஓடிச்சென்று அடைக்கவும் நீர்வளத்துறைக்கு வேண்டிய வழி. கரையோரத் தோட்டக்காரர்கள் புழங்கும் வழியும் அதுதான். நாம் அங்கே விருந்தாளிகள். மாடு எதிரே வந்தால் இறங்கி நின்று வழி விட வேண்டும். தண்ணீர் ஓடும் மாதங்களில் விளிம்பை ஒட்டி ஓட்டவே கூடாது. சரிவில் விழுந்தால் ஏறிவர முடியாத இடங்கள் உண்டு. தனக்குச் சொந்தமில்லாத கரையில் ‘வாகனமே வராது’ என்று வாக்குக் கொடுத்துக் காசு வாங்கியவர்தான் குற்றவாளி.

கேள்வி: நிறம் மிகவும் பிடித்ததால் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. இரண்டு மாதம் ஆகிவிட்டது. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: உயரம் பார்க்காமல் சைக்கிள் வாங்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? அளவு அட்டவணை அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். உங்களைவிட உயரமானவருக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி: கரையில் போனாலே முள் ஏறி பஞ்சர். எங்கள் ஊர் பஞ்சர் கடையில் காற்றும் பிடிக்க முடியவில்லை. வால்வு ஒல்லியாக இருக்கிறதாம்.
- கல்லூரி மாணவி, காங்கேயம்

பதில்: உங்கள் டியூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு. அதன் தலையில் மாட்டும் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி எப்போதும் பையில் வையுங்கள். பைக்குக்குக் காற்று அடிக்கும் எந்தக் கடையிலும் அடிக்கலாம். சீமைக் கருவேல முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் உதவும். நம் வெயிலில் சில மாதங்களில் அது காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். ‘முள்ளே துளைக்காது’ என்று சொல்லி டயருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கோவைக் கடை ஒன்றில் என்னிடமும் விற்றார்கள். பட்டையின் ஓரம் உரசி உரசி டியூபையே அறுத்துவிட்டது. முள் செய்ததைவிட அது செய்த சேதம் அதிகம். அதை வாங்காதே கண்ணு.

கேள்வி: சமூக வலைத்தளத்தில் பாதி விலைக்குக் கிராவல் சைக்கிள் என்று பார்த்து, நேற்று இரவு 15,000 ரூபாய் அனுப்பினேன். இன்று அந்தக் கணக்கே காணோம். அப்பாவுக்குத் தெரியாது.
- தம்பி ஒருவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்ததும் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் புகார் போனால், அதை முடக்கி வைக்க வழி இருக்கிறது. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், அரட்டை, விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். அப்பாவிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். திருடியவன் நீங்கள் அல்ல.