மலைக்கு எது சீசன்?

கே: வருடம் ஒருமுறை பிள்ளைகள், மாமியாரோடு மலைக்குப் போகிறோம். எப்போதும் மே மாதம், ஊட்டி அல்லது கொடைக்கானல். மற்ற சீசன்களில் எந்த மலைக்குப் போகலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

ப: 'மற்ற சீசன்களில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது மே மாதம்தான் சீசன், மிச்சமெல்லாம் 'மற்றவை'. இந்தச் சொல் மேல் எனக்குப் பல வருடக் கோபம். மே மாதத்தை மலைக்குச் சீசன் ஆக்கியது யார்? சென்னை வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள். கோடை வந்தால் கோப்பு, குமாஸ்தா சகிதம் உதகைக்கு ஏறி, அங்கே உட்கார்ந்து ராஜதானியை ஆண்டார்கள். 1947-லேயே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் மாட்டிய காலண்டரை நாம் இன்னும் கழற்றவில்லை.

நம்மிடம் வேறு கணக்கு இருந்தது. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குக் கொடுத்த பெரும்பொழுது, அதாவது பருவம், கூதிரும் முன்பனியும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். வேனிலைத் தூக்கிப் பாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மலையைப் பார்க்க வேண்டியது குளிரில் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக ஐப்பசி, கார்த்திகையில் போகச் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுகளில்தான் மோதும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் மலை ரயில் தண்டவாளத்தில் பாறை விழுந்து நிற்பதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற காலம் இல்லை.

மார்கழி, தை மாத முன்பனிக்குப் போங்கள். பொங்கல் முடிந்த வாரம், உதகைக்குப் பக்கத்தில் தலைகுந்தா. காலை ஆறரை மணிக்குப் புல்வெளி முழுக்க உறைபனி, உப்பைத் தூவியது மாதிரி வெள்ளையாக இருக்கும். வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதலாம். வெயில் ஏறியதும் ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும், அப்புறம் அதுவும் போய்விடும். அதே உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கி, ஒரு சிறு விவசாயியின் சில வார வருமானத்தைக் கொண்டு போய்விடும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர், வால்பாறைப் பக்கம் வேண்டாம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்போது குற்றாலம் போங்கள். சீசன் என்ற சொல்லை நான் மனமாற ஒப்புக்கொள்கிற ஒரே ஊர் அது. அங்கே சாரலே வந்து சீசனைத் தொடங்கி வைக்கிறது. ஆடி பதினெட்டை ஒட்டி என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது, வல்வில் ஓரி விழா நடக்கும். பள்ளி லீவு காரணமாக மே மாதத்தை விட முடியாது என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உதகைக்கு நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று 2025 கோடையில் நீதிமன்றமே எல்லை போட வேண்டி வந்தது. அத்தனை வண்டிக்கு நடுவில் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் போகிற வேனின் பின்பக்கத்தைத்தான்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு என்றதும் இந்தப் பக்கத்தில் முடியாமல் கிடக்கிற பழைய சண்டை ஞாபகம் வருகிறது. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று ஒருமுறை எழுதினேன். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், முப்பது வருட அனுபவம், உனக்கென்ன தெரியும் என்று ஒரு கட்டுக் கடிதம் வந்தது. இன்றைக்கும் என் பதில் அதுதான். நியூட்ரலில் இறக்கினால் வண்டியின் மொத்தப் பாரத்தையும் பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். நாலு வளைவு தாண்டியதும் தீய்ந்த வாடை வரும், பிரேக் லைனிங் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மிதித்தால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. சின்ன கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். குன்னூர் மலைப்பாதையில் இதைப் பலகை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பதும் விதி. ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு அது தெரியவில்லை. பாதி ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது எவ்வளவு பாடு என்று ஏறிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் வாடகை வண்டியில் போவதாக இருந்தால், ரேட் பேசும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள், இறக்கத்தில் என்ன கியர் என்று. 'நியூட்ரல்' என்று சொன்னால் வேறு வண்டி பாருங்கள்.